இரண்டு அன்னாள்களும் ஒரு வாக்குத்தத்தமும்

ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது: "திருமணமாகி ஒன்பது வருடம் ஆகிறது. குழந்தை இல்லை. மூன்று வருடத்துக்கு முன்பு டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த வசனம் சங்கீதம் 113:9, 'மலடியைச் சந்தோஷமான பிள்ளைத்தாய்ச்சியாக்கி, வீட்டிலே குடியிருக்கப்பண்ணுகிறார்.' அதைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. உனக்கு விசுவாசம் பத்தாது என்கிறார்கள். ஒரு குழந்தை பிறந்ததைக் கொண்டாடும் பண்டிகை வந்தாலே நெஞ்சு அடைக்கிறது. தேவனுடைய வாக்குத்தத்தத்தை இனி நான் எப்படி நம்புவது?"

சகோதரி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த கிறிஸ்துமஸுக்குள் உங்கள் கையில் குழந்தை இருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். இருக்காது என்றும் சொல்லமாட்டேன். அது எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோலப் பேசியவர்களால்தான் உங்கள் வேதனையில் பாதி வந்தது என்று நினைக்கிறேன். நான் முப்பது வருடத்துக்கு மேலாகப் பெண்கள் ஐக்கியத்தில் வேதபாடம் நடத்துகிறவள். இதே கேள்வியை டிசம்பர் மாதங்களில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, வாசலில் செருப்பைத் தேடுகிற சாக்கில் நின்றுகொண்டு. அவர்களுக்கு நின்ற நிலையில் இரண்டு வார்த்தைதான் சொல்ல முடிந்தது. உங்களுக்கு உட்கார்ந்து எழுதுகிறேன்.

வாக்குத்தத்த அட்டையிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் அது என் வீட்டிலும் ஒரு காயத்தை உண்டாக்கியது. என் அம்மாவின் வேதப்புத்தகத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட அட்டைகள் இருந்தன. ஆண்டிறுதி ஆராதனையில் தட்டில் கவிழ்த்து வைத்து, ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொல்வார்களே, அந்தச் சின்ன அட்டைகள். ஒவ்வொன்றையும் அதனதன் வசனம் இருக்கும் பக்கத்திலேயே அம்மா செருகி வைப்பார். ஓரத்தில் பென்சிலால் வருடத்தை எழுதுவார். கடைசி வருடம் அவருக்கு வந்தது சங்கீதம் 118:17: "நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்." அப்போது சிறுநீரகம் பழுதாகி, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் போய்க்கொண்டிருந்தார். அந்த அட்டையைப் பார்த்ததும் வீடே அழுது ஸ்தோத்திரம் பண்ணியது. ஜூலை மாதம் அம்மா இறந்துவிட்டார். அடுத்த டிசம்பர் 31 அன்று தட்டு என்னிடம் வந்தபோது நான் கையை நீட்டவில்லை. அப்படியே பக்கத்திலிருந்தவருக்குத் தள்ளிவிட்டேன். ஆகவே உங்கள் நெஞ்சு அடைப்பதை நான் வெளியே நின்று பார்க்கவில்லை.

அட்டையில் ஒரு குறை உண்டு. வசனம் வரும், அது எழுதப்பட்ட முகவரி வராது. எரேமியா 29:11 எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதற்கு முந்தின வசனத்தை யாரும் சட்டம் போட்டு மாட்டுவதில்லை. அதில் "எழுபது வருஷம்" என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களில் அநேகர் பாபிலோனிலேயே கண்ணை மூடியிருப்பார்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்றும் அதே கடிதம் சொல்கிறது. வாக்குத்தத்தம் பொய் இல்லை. ஆனால் நாம் பிடித்த இடமும் அவர் கொடுத்த இடமும் வேறாக இருந்துவிடுகிறது.

உங்கள் வசனத்தையும் இதேபோலப் பாருங்கள். 113ஆம் சங்கீதம் ஒரு துதிப்பாட்டு. கர்த்தர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறார், அங்கிருந்து எவ்வளவு தாழக் குனிந்து பார்க்கிறார் என்று பாடுகிறது. குப்பையில் கிடக்கும் எளியவனை அவர் தூக்கிவிடுவார், வீட்டில் இடமில்லாமல் நிற்கும் பெண்ணுக்கு இடம் கொடுப்பார். அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லும் பாட்டு அது. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பிள்ளை என்று எழுதிக் கொடுத்த பத்திரம் இல்லை. இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று வருடமாக நீங்கள் ஒரு பத்திரத்தோடு வாசலில் நின்றதாக நினைத்து, அவர் கதவைத் திறக்கவில்லை என்று உடைந்துபோயிருக்கிறீர்கள். அவர் உங்களை ஏமாற்றவில்லை என்பது உங்களுக்குத் தெரியவேண்டும்.

இன்னொன்று. 113 முதல் 118 வரையுள்ள சங்கீதங்கள் யூதர்கள் பஸ்கா இரவில் பாடுகிற பாட்டுகள். கடைசி இராப்போஜனத்துக்குப் பிறகு இயேசுவும் சீஷர்களும் "ஸ்தோத்திரப்பாட்டைப் பாடினபின்பு" ஒலிவமலைக்குப் போனார்கள் என்று மத்தேயு எழுதுவது இந்தப் பாட்டுகளைத்தான் என்று வேத அறிஞர்கள் சொல்கிறார்கள். உங்கள் அட்டை அந்தத் தொகுப்பின் முதல் பாட்டில் இருக்கிறது, என் அம்மாவின் அட்டை கடைசிப் பாட்டில். இது எனக்குப் புரிந்த அன்று வெகுநேரம் வேதத்தை மூடாமல் உட்கார்ந்திருந்தேன். "நான் சாவாமல், பிழைத்திருந்து" என்று பாடி முடித்துவிட்டுத்தான் அவர் சிலுவைக்கு நடந்திருக்கிறார். மறுநாள் மூன்று மணிக்கு அந்த வசனம் பொய்த்ததுபோலத்தான் இருந்திருக்கும்.

சரி, அப்படியென்றால் கிறிஸ்துமஸில் நாம் நம்பச் சொல்லப்படுகிற வாக்குத்தத்தம் எது?

வாக்குத்தத்தம் என்ற சொல்லையே கொஞ்சம் பாருங்கள். கத்தோலிக்க சகோதரர்களின் மொழிபெயர்ப்பில் வாக்குறுதி என்று இருக்கும். அதுவும் நல்ல சொல்தான். ஆனால் எனக்கு இந்தப் பழைய சொல்லில் ஒரு பிரியம். தத்தம் என்றால் கொடை. கையில் நீர் வார்த்து ஒன்றை ஒருவருக்கு உரிமையாகக் கொடுத்துவிடுவதைத் தத்தம் பண்ணுவது என்பார்கள். கொடுத்த பிறகு அது கொடுத்தவருடையது இல்லை. பிள்ளையைத் தத்துக் கொடுப்பதிலும் இருப்பது இதே வேர்தான். ஆக, வாக்குத்தத்தம் என்றால் வாக்கைத் தாரை வார்த்துக் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். பெத்லெகேமில் நடந்தது அதுதான், வாக்கோடு தம்மையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். ஏசாயா அதற்கு முன்கூட்டியே வைத்த பெயர் இம்மானுவேல், தேவன் நம்மோடிருக்கிறார்.

இந்தப் பெயர் முதன்முதலில் எங்கே, யாரிடம் சொல்லப்பட்டது என்று கேட்டால் நிறையப் பேருக்குத் தெரியாது. கிறிஸ்துமஸ் மரத்துக்கும் நட்சத்திரத்துக்கும் வெகு தூரத்தில், ஒரு மதகின் பக்கத்தில் சொல்லப்பட்டது. கி.மு. 735 வாக்கில் யூதாவின் ராஜா ஆகாஸ். வடக்கே சீரியாவின் ரேத்சீனும் இஸ்ரவேலின் பெக்காவும் கூட்டுச் சேர்ந்து அவன்மேல் படையெடுத்து வருகிறார்கள். செய்தி கேட்டதும் ராஜாவின் இருதயமும் ஜனத்தின் இருதயமும் காட்டு மரங்கள் காற்றில் அசைவதுபோல அசைந்தன என்கிறது ஏசாயா 7. அந்த நேரத்தில்தான் ஏசாயா தன் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு, வண்ணார்துறைப் பாதையில், மேற்குளத்து மதகுப் பக்கம் போய் ராஜாவைச் சந்திக்கிறார். முற்றுகை வந்தால் தண்ணீர்தான் முதல் கவலை. அதைப் பார்க்கத்தான் ஆகாஸ் அங்கே போயிருக்கவேண்டும். அந்தப் பையனின் பெயர் சேயார் யாசூப், "மீதியானவர்கள் திரும்புவார்கள்" என்று அர்த்தம். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

ஏசாயா சொன்னது இதுதான்: பயப்படாதே, அந்த இரண்டு பேரும் புகைந்துகொண்டிருக்கும் கொள்ளிக்கட்டைகள், அணைந்துபோவார்கள். "நீங்கள் விசுவாசியாவிட்டால் நிலைபெறமாட்டீர்கள்." எபிரெயத்தில் விசுவாசியாவிட்டால் என்பதும் நிலைபெறமாட்டீர்கள் என்பதும் ஒரே வேர்ச்சொல்தான். நாம் ஜெபத்தின் முடிவில் சொல்லும் ஆமென்னும் அதிலிருந்து வந்ததுதான். அந்த மொழியில் விசுவாசிப்பது என்றால் உறுதியான ஒன்றின்மேல் சாய்ந்து நிற்பது. பல்லைக் கடித்துக்கொண்டு "நடக்கும், நடக்கும்" என்று மனதை முறுக்குவதற்கு அங்கே பேச்சே இல்லை. சாய்கிறவனுக்கு எவ்வளவு பலம் என்பது முக்கியமில்லை, சாயும் சுவர் எப்படிப்பட்டது என்பதுதான் முக்கியம்.

ஆகாஸ் சாயவில்லை. ஒரு அடையாளம் கேள் என்று தேவனே சொல்லியும், "நான் கர்த்தரைப் பரீட்சை செய்யமாட்டேன்" என்று பக்தியாகப் பேசி நழுவிவிட்டான். ஆலயத்தின் வெள்ளியையும் பொன்னையும் எடுத்து அசீரியா ராஜா திகிலாத்பிலேசருக்கு அனுப்பி, "நான் உம்முடைய அடியானும் உம்முடைய குமாரனும்" என்று சொல்லச் சொன்னான். தாவீதின் வம்சத்தில் வந்தவன், யாரைத் தகப்பன் என்று கூப்பிடுகிறான் பாருங்கள். அசீரியா வந்தது. கி.மு. 732இல் தமஸ்கு விழுந்தது, 722இல் சமாரியா விழுந்தது, வடக்கிலிருந்த கோத்திரங்கள் சிதறிப்போயின. 701இல் அதே அசீரியா எருசலேமின் வாசலுக்கே வந்து நின்றது. அசீரியத் தளபதி ரப்சாக்கே எங்கே வந்து நின்று கூச்சலிட்டான் என்று ஏசாயா 36:2இல் பாருங்கள்: வண்ணார்துறைப் பாதையில், மேற்குளத்து நீரோடைப் பக்கத்தில். அப்பா நம்ப மறுத்த அதே இடத்தில், முப்பது சொச்சம் வருடம் கழித்து மகன் எசேக்கியாவுக்குப் பரீட்சை வந்தது. அசீரியா ராஜா அனுப்பிய மிரட்டல் கடிதத்தை அவன் கொண்டுபோய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்தான். பட்டணம் தப்பியது.

இதை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், இம்மானுவேல் என்ற வாக்குத்தத்தம் கொடுக்கப்பட்டது நம்பாத ஒருவனிடம். அடையாளம் வேண்டாம் என்றவனைப் பார்த்துத்தான், "ஒரு கன்னிகை கர்ப்பவதியாகி ஒரு குமாரனைப் பெறுவாள்" என்று ஏசாயா சொல்கிறார். ஆகாஸ் நம்பாததால் ஆகாஸுக்குத்தான் நஷ்டம், வாக்குத்தத்தம் ரத்தாகவில்லை. எழுநூறு வருடத்துக்கு மேல் கழித்து மத்தேயு அதே வசனத்தை எடுத்து, இதோ நிறைவேறிற்று என்று எழுதினார். அதைச் சொன்ன ஏசாயா அதைப் பார்க்கவில்லை. பெத்லெகேமின் பெயரைச் சொன்ன மீகாவும் பார்க்கவில்லை. அவர்களுக்கு முன்பிருந்த ஆபிரகாம், சாராள் போன்றவர்களும் வாக்குத்தத்தங்களை "தூரத்திலே அவைகளைக் கண்டு, நம்பி அணைத்துக்கொண்டு" மரித்தார்கள் என்கிறது எபிரெயர் 11. அணைத்துக்கொண்டு என்ற அந்த வார்த்தையை நான் வாசிக்கும்போதெல்லாம் ஒரு நிமிடம் நிற்பேன். கைக்கு வராததை அணைத்துக்கொண்டார்கள்.

இனி உங்களை நேராகத் தொடுகிற இடத்துக்கு வருகிறேன். லூக்கா கிறிஸ்துமஸ் கதையை மரியாளிடமிருந்து தொடங்கவில்லை. பிள்ளை இல்லாத ஒரு வயதான தம்பதியிடமிருந்து தொடங்குகிறார். சகரியாவும் எலிசபெத்தும் "தேவனுக்கு முன்பாக நீதியுள்ளவர்கள்," "குற்றமற்றவர்கள்" என்று ஆறாவது வசனத்தில் எழுதிவிட்டு, அப்புறம்தான் ஏழாவது வசனத்தில் பிள்ளை இல்லை என்கிறார். இந்த வரிசை தற்செயலாக வந்தது என்று நான் நினைக்கவில்லை. என்ன பாவமோ, என்ன சாபமோ என்று முணுமுணுக்கும் வாயை லூக்கா முன்கூட்டியே அடைத்துவிடுகிறார். உங்களிடம் அப்படி யாராவது கேட்டால் இந்த ஆறாம் வசனத்தைக் காட்டுங்கள்.

சகரியா அபியாவின் வகுப்பைச் சேர்ந்த ஆசாரியன். இருபத்துநாலு வகுப்பில் எட்டாவது. சீட்டு விழுந்து, தூபங்காட்ட உள்ளே போனபோது காபிரியேல் வந்து, "உன் வேண்டுதல் கேட்கப்பட்டது" என்கிறான். எந்த வேண்டுதல்? அந்த வயதில் பிள்ளைக்காக ஜெபிப்பதை அவர் நிறுத்தி எத்தனை வருடம் ஆகியிருக்குமோ. அவருடைய பதிலைப் பார்த்தால் நிறுத்திவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. "இதை நான் எதினால் அறிவேன், நான் கிழவனாயிருக்கிறேன்" என்கிறார். நம்பவில்லை. அதனால் என்ன ஆயிற்று? பேச்சு நின்றது, ஒன்பது மாதத்துக்கு மேல் ஊமையாக இருந்தார். பிள்ளை நிற்கவில்லை, அது குறித்த காலத்தில் பிறந்தது. உனக்கு விசுவாசம் பத்தாததால்தான் தேவன் செய்யவில்லை என்று உங்களிடம் சொன்னவர்கள் லூக்கா முதல் அதிகாரத்தை இன்னொரு முறை வாசிக்கவேண்டும். மனுஷனுடைய சந்தேகம் தேவனுடைய கையைக் கட்டிப்போடும் என்றால் யோவான்ஸ்நானகன் பிறந்திருக்கவே முடியாது.

அந்தக் குடும்பத்தின் பெயர்களைப் பாருங்கள். சகரியா என்றால் கர்த்தர் நினைவுகூர்ந்தார். எலிசபெத் என்றால் என் தேவன் ஆணையிட்டார். யோவான் என்றால் கர்த்தர் கிருபையுள்ளவர். நாக்கு அவிழ்ந்ததும் சகரியா பாடின பாட்டில் இந்த மூன்றும் வருகின்றன: இரக்கம், உடன்படிக்கையை நினைத்தருளுதல், ஆபிரகாமுக்கு இட்ட ஆணை. ஒரு வீட்டில் தினமும் "எலிசபெத்", "சகரியா" என்று கூப்பிட்டுக்கொண்டே, அந்தப் பெயர்களின் அர்த்தம் தெரிந்தே எத்தனை வருடம் வாழ்ந்திருப்பார்கள். தெரிந்திருந்தும் வலித்திருக்கும்.

உங்கள் வசனத்தில் இருக்கும் அந்தக் கடுமையான சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். காபிரியேல் மரியாளிடம் எலிசபெத்தைப் பற்றிப் பேசும்போது, "மலடியென்னப்பட்ட அவளுக்கு இது ஆறாம் மாதம்" என்கிறான். என்னப்பட்ட. ஊர் அப்படிக் கூப்பிட்டது. தூதன் அந்தப் பெயரை ஊரின் கணக்கிலேயே எழுதிவிட்டு நகர்கிறான். நீங்களும் அதை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளவேண்டாம்.

ஆனால் நான் இங்கே நிறுத்தினால் உங்களுக்கு இன்னொரு அட்டையைக் கொடுத்ததாக ஆகிவிடும். எலிசபெத்துக்குக் கிடைத்தது, உனக்கும் கிடைக்கும் என்று. அடுத்த அதிகாரத்தையும் வாசியுங்கள். அங்கே இன்னொரு பெண் இருக்கிறார், அன்னாள். மேடைநாடகத்தில் அவருக்கு வேஷம் கொடுப்பதே இல்லை. மேய்ப்பர்களுக்கும் சாஸ்திரிகளுக்கும் ஒட்டகத்துக்கும்கூட இடம் உண்டு, அவருக்கு இல்லை. லூக்கா அவருக்குக் கொடுத்தது மூன்றே வசனம் (2:36-38), ஆனால் அந்த மூன்றில் அப்பா பெயர் பானுவேல், கோத்திரம் ஆசேர், கணவனோடு வாழ்ந்தது ஏழு வருடம், இப்போது வயது ஏறக்குறைய எண்பத்துநாலு என்று எல்லாவற்றையும் எழுதுகிறார். இளவயதில் திருமணம், ஏழு வருடத்தில் கணவன் போய்விட்டான். பிள்ளைகள் இருந்ததாக லூக்கா சொல்லவில்லை. அறுபது வருடத்துக்குமேல் தனியாக, ஆலயத்தை விட்டு நீங்காமல் இருந்திருக்கிறார்.

அன்னாள் என்ற பெயரைக் கேட்டதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருவார்? சாமுவேலின் அம்மா. சீலோவில் அழுது அழுது ஜெபித்து, குடித்திருக்கிறாள் என்று ஆசாரியன் ஏலியே தப்பாக நினைத்த அந்த அன்னாள். அவருக்கு சாமுவேல் பிறந்தான். அவர் பாடிய பாட்டின் வரிகள் உங்கள் 113ஆம் சங்கீதத்தில் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. பிள்ளை கேட்டு வாங்கிய அன்னாளின் பெயர்தான், எருசலேமில் பேரப்பிள்ளை பெயர்கூடச் சொல்லப்படாத இந்தக் கிழவிக்கும். ஒவ்வொரு முறை யாராவது அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோதும் அந்தப் பழைய கதை காதில் விழுந்திருக்காதா? எனக்கு அப்படிக் கிடைத்ததா என்று ஒரு நாளாவது அழுதிருக்கமாட்டாரா? வேதம் சொல்லவில்லை. நான் ஒரு பெண்ணாக நினைத்துப் பார்க்கிறேன்.

அந்த ஆசேர் கோத்திரம் வடக்கே இருந்தது. ஆகாஸ் கூப்பிட்ட அசீரியா வாரிக்கொண்டு போன கோத்திரங்களில் அதுவும் ஒன்று. ஆனால் எசேக்கியா பஸ்காவுக்கு வரச்சொல்லி வடக்கே ஆள் அனுப்பினபோது, எல்லாரும் பரிகாசம்பண்ண, ஆசேரிலும் மனாசேயிலும் செபுலோனிலும் சிலர் மட்டும் தாழ்மையாக எருசலேமுக்கு வந்தார்கள் என்று 2 நாளாகமம் 30:11 சொல்கிறது. அன்னாளின் முன்னோர்கள் அந்தச் சிலரில் இருந்திருக்கலாம். உறுதி இல்லை, எனக்கு அப்படி நினைத்துப் பார்க்கப் பிடிக்கும். எப்படியிருந்தாலும், மதகுப் பக்கத்தில் ஆகாஸுக்கு முன்னால் நின்ற அந்தப் பையனின் பெயரை நினைத்துக்கொள்ளுங்கள். மீதியானவர்கள் திரும்புவார்கள். ஆகாஸ் சிதறடித்த கோத்திரத்தின் மீதி ஒருத்தி, இம்மானுவேலை நேரில் பார்க்கிறாள்.

அவர் பார்த்தது என்ன? ஏழைத் தம்பதி ஒன்று ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவர்கள் கொடுக்கும் பறவைக் காணிக்கையோடு வந்து நிற்கிறது. பக்கத்தில் சிமியோன் அந்தத் தாயிடம், "உன் ஆத்துமாவையும் ஒரு பட்டயம் உருவிப்போகும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் அன்னாள் வந்து நின்று, வேறொருத்தியின் பிள்ளையைப் பார்த்துக் கர்த்தரைப் புகழ்கிறார். காத்திருந்த எல்லாரிடமும் போய் அதைப் பற்றிப் பேசுகிறார். எலிசபெத்துக்கு மடியில் பிள்ளை. அன்னாளுக்கு மடி காலி. லூக்கா இரண்டு பேரையும் ஒரே வாக்குத்தத்தத்துக்குள் வைக்கிறார், ஒருத்தியை உயர்த்தி ஒருத்தியைத் தாழ்த்தவில்லை. ஏனென்றால் நமக்குப் பிறந்த பாலகன் அவர். "நமக்கு ஒரு பாலகன் பிறந்தார், நமக்கு ஒரு குமாரன் கொடுக்கப்பட்டார்" என்று ஏசாயா சொன்ன "நமக்கு" என்ற வார்த்தைக்குள் அன்னாள் இருக்கிறார். நீங்களும் இருக்கிறீர்கள், சகோதரி. கையில் பிள்ளை வந்த பிறகு சேர்த்துக்கொள்ளப்படப் போகிறவர் இல்லை நீங்கள், இப்போதே உள்ளே இருக்கிறீர்கள்.

எப்படி நம்புவது என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன். அழுகை வந்தால் அழுங்கள். மத்தேயுவின் கிறிஸ்துமஸில் ராமாவில் ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிற சத்தம் இருக்கிறது, ஆறுதலுக்கு இடங்கொடாமல் அழுகிறாள் என்று எழுதியிருக்கிறது. அதை வெட்டிவிட்டு மீதியை மட்டும் கொண்டாடச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பிள்ளை வேண்டும் என்று கேட்பதையும் விடவேண்டாம், நாளைக்கும் கேளுங்கள். ஆனால் அந்தப் பதிலை வைத்து அவர் உண்மையுள்ளவரா இல்லையா என்று தீர்ப்பு எழுதவேண்டாம். அதற்கான அடையாளம் ஏற்கெனவே முன்னணையில் கிடத்தப்பட்டாயிற்று.

மருத்துவம் பார்ப்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பதினைந்து வருடம் ஆயுசு கூட்டித் தருகிறேன் என்று எசேக்கியாவுக்கு வாக்குக் கொடுத்த பிறகும், அத்திப்பழத்து அடையைப் புண்ணின்மேல் பற்றுப்போடச் சொன்னார் ஏசாயா (38:21). வாக்குத்தத்தமும் பற்றும் ஒரே நாளில். உங்கள் கணவரும் கூடவே பரிசோதனைக்கு வரவேண்டும், குறை யாரிடமும் இருக்கலாம், காரணமே பிடிபடாமலும் போகலாம். மாத்திரையை நிறுத்திவிட்டு உபவாசம் இருக்கச் சொல்கிறவர்களிடமிருந்து தள்ளியே இருங்கள்.

மரியாளின் கணவர் யோசேப்பைப் பற்றியும் யோசித்துப் பாருங்கள். இதை ஆலோசனையாகச் சொல்லவில்லை, உங்கள் வீட்டு முடிவு உங்களுடையது. தாவீதின் வம்சத்தில் ஒரு ராஜா என்ற வாக்குத்தத்தம் மத்தேயுவின் அட்டவணையில் யோசேப்பு வழியாகத்தான் வருகிறது. தனக்குப் பிறக்காத பிள்ளைக்கு அவர் பெயர் வைத்தார், தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டார், அந்த ஏற்றுக்கொள்ளுதலில் தேவன் தாவீதுக்குச் சொன்னதைக் காப்பாற்றினார். அவர் பேசின ஒரு வார்த்தைகூட வேதத்தில் இல்லை. தூங்கி எழுந்து, சொன்னபடி செய்தார். நம்பிக்கை என்றால் எனக்கு அவர் முகம்தான் தோன்றும், பெரிய வார்த்தைகள் எதுவும் இல்லாமல், காலையில் எழுந்து அன்றைக்குரியதைச் செய்கிற முகம்.

கிறிஸ்துமஸ் அன்று "இன்னும் விசேஷம் ஒன்றும் இல்லையா" என்று கேட்பார்கள். ஆராதனை முடிந்ததும் அந்தக் கூட்டத்தில் நிற்க முடியவில்லை என்றால் நேரே வீட்டுக்குப் போங்கள், அதில் தப்பு ஒன்றும் இல்லை. டிசம்பர் 31 அன்று அட்டை எடுக்க மனம் வரவில்லை என்றால் எடுக்காதீர்கள். எடுத்தால், வீட்டுக்கு வந்து அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள், யாருக்கு எழுதினது, எப்போது எழுதினது என்று பாருங்கள். "தேவனுடைய வாக்குத்தத்தங்களெல்லாம் இயேசுகிறிஸ்துவுக்குள் ஆம் என்றும், அவருக்குள் ஆமென் என்றும் இருக்கிறதே" என்று 2 கொரிந்தியர் 1:20இல் பவுல் எழுதினதை அதற்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

அம்மா இறந்து வெகுநாள் கழித்துத்தான் அவருடைய வேதத்தை நான் திறந்தேன். 118ஆம் சங்கீதத்தில் அந்த அட்டை இருந்தது. அம்மாவுக்கு ஒரு பழக்கம், யாருக்காக எந்த வசனத்தை வைத்து ஜெபிக்கிறாரோ அவர்கள் பெயரை அந்த வசனத்தின் ஓரத்தில் சின்னதாக எழுதுவார். பதினேழாம் வசனத்தின் பக்கத்தில் அவருடைய பெயர் இல்லை. டயாலிசிஸ் அறையில் அடுத்த படுக்கையில் படுத்திருந்த இன்னொரு அம்மாவின் பெயர் இருந்தது. தனக்கு வந்த வசனத்தை அம்மா அப்படியே அவருக்குத் தத்தம் பண்ணிவிட்டார். அந்த அம்மா பிறகு என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது.

உங்கள் பெயரை நீங்கள் எழுதவில்லை. அதே வேதத்தில், 113ஆம் சங்கீதத்தின் ஓரத்தில், "கேள்வி கேட்ட சகோதரியும் அவர் கணவரும்" என்று இன்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.